அக்கா கேட்டு வாங்கிய பெட்டி

"யாரு சிரிச்சா?" என்று அக்கா கேட்டாள்.

படத்தில் மூன்று பேர் ஒரே அறையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "டாக்டர்க்கா, ஜன்னல் பக்கம் நிக்கிறாரு" என்றாள். அவள் சொல்லி முடித்தபோது அந்த டாக்டர் அறையிலேயே இல்லை. அடுத்து அழுதது யார் என்று அக்கா கேட்டாள். நான் விளக்கினேன். நான் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ யாரையோ ஓங்கி அடித்துவிட, அதை நாங்கள் மூன்று பேருமே தவறவிட்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் படம் போடுவது வழக்கம். அக்கா எங்களோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து அது இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவள். யார் எந்த வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்பதை, அவர்கள் பேசத் தொடங்கும் முன் விடுகிற மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள் என்று அங்கே பேச்சு. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் கண்ணில் அழுத்த நோய் வந்தது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, கடைசியில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரிகிற அளவில் நின்றது. தனியாகவே இருந்துகொள்கிறேன் என்று ஒரு வருடம் பிடிவாதம் பிடித்தாள். பிறகு ஒரு நாள் என் மனைவி போய், யாரையும் கேட்காமல் அக்காவின் துணிகளையெல்லாம் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "துணி போன இடத்துக்கு ஆளும் வந்துதானே ஆகணும்" என்றாளாம்.

முறைப்படி அவள் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும். வந்த முதல் நாளிலிருந்தே அக்காதான். நாத்தனார் கொடுமை என்று கதை சொல்ல வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் தீனி கிடைக்காது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் கொடுமைப்படுத்துவார்கள்.

மனைவிக்கு நகரப் பேருந்தில் ஓட்டுநர் வேலை. விடியும் முன்பே டிப்போவில் இருப்பாள். நான் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் மெழுகில் வடிவம் பிடித்து, பல்லை அடுக்கி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். அதனால் படத்தை விளக்கும் பொறுப்பு என் கைக்கு வரும்போதெல்லாம், கதாநாயகன் முகத்தை விட்டுவிட்டு அவனுடைய மேல்வரிசைப் பல் சொந்தமா கட்டினதா என்று சொல்லத் தொடங்கிவிடுவேன். மனைவி முழங்கையால் இடிப்பாள்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஒன்று மாறியிருந்ததை அவள்தான் முதலில் கவனித்தாள்.

"அக்கா இப்பல்லாம் கேள்வியே கேக்குறதில்ல, கவனிச்சியா?" என்றாள் ஒரு காலை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

"புரியுது போல இருக்கு."

"புரியல. நாம சிரிச்ச பிறகுதான் சிரிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளி, கடன் கழிக்கிற மாதிரி."

அடுத்த வெள்ளிக்கிழமை நான் படத்தைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். மனைவி சொன்னது சரிதான். அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, முகத்தைச் சரியாகத் திரையின் பக்கம் திருப்பி, எங்களுக்குத் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் டிவி மெலிசானது. அதன் சத்தம் பின்பக்கமாக வந்து, சுவரில் முட்டி, எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மொத்தமாகக் கூழாகி வரும். கண் உள்ளவனுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. உதடு அசைவதைப் பார்த்து மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்பீக்கர்கள் வந்தன. நான் வேலை செய்துகொடுக்கிற ஒரு பல் டாக்டர் சின்ன வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார். ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்குத் தனியாக ஒரு வூஃபர். "இதுங்களை ஓட்டுற பெட்டி எரிஞ்சு போச்சு, இதுங்க மட்டும் நல்லா இருக்கு. எடுத்துட்டுப் போறியா, இல்ல என் மனைவி குப்பையில போடட்டுமா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பத்துக்குப் பதினான்கு அடி ஹாலில் அந்த ஆறும் விருந்தாளிகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றன. பேசவில்லை. அவற்றைப் பேசவைக்க ஒரு ரிசீவர் வேண்டும்.

"ரிசீவரா?" என்றாள் அக்கா. "முப்பத்தோரு வருஷம் காதுல வெச்சிட்டிருந்தேனே, அது போதலையாடா?"

"இது வேற, அக்கா. டிவியிலேருந்து வர்ற சத்தத்தைப் பிரிச்சு, பேச்சை நடு ஸ்பீக்கருக்கும், இடப்பக்கம் நடக்கிறதை இடப்பக்கமும், பின்னாடி நடக்கிறதைப் பின்னாடியும் அனுப்பும்."

"அட, போர்டு ஆப்பரேட்டர்னு சொல்லு. எதுக்கு இப்ப வீண் செலவு?"

"எனக்கு ரொம்ப நாள் ஆசை" என்று பொய் சொன்னேன். என் பொய்களை எனக்கு ஆறு வயதிலிருந்து கேட்டுவருகிறவள் அக்கா.

செலவுக்குக் கையில் இருந்தது என் அரை மாதச் சம்பளம் அளவு பணம். அது மெத்தைக்கென்று ஒதுக்கியது. நாளெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மெத்தையோ நடுவில் குழி விழுந்து தொட்டில் மாதிரி ஆகியிருந்தது. பணத்தை எடுத்து என் கையில் கொடுத்தவள் அவள்தான். "மெத்தை எங்க ஓடிடப் போகுது? அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள்.

மூன்று வாரம் படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெழுகுக் கையோடு போனைப் பார்த்துப் பார்த்து, திரையெல்லாம் அந்த மெழுகின் இளஞ்சிவப்பு. பெட்டியின்மேல் ஆயிரம் வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது வெறும் வாய்ப்பேச்சு, நிஜக் கணக்கு உள்ளே புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கும் என்று கற்றேன். நம் ஸ்பீக்கர்களைத் தாங்குமா, நம் டிவியின் பின்பக்கத் துளைக்குச் சேரும் கேபிள் இதில் போகுமா என்ற இரண்டு கேள்விகளைச் சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொண்டேன். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "வீடு வாங்குறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். கிளம்பு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் போனது பெரிய கடை. தரையில் முகம் தெரிந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனையாளர் எங்களை ஒரு இருட்டு அறையில் சோபாவில் உட்காரவைத்து, ஹெலிகாப்டரைத் தலைக்குமேல் ஓடவிட்டார். நன்றாகத்தான் ஓடியது. விலையைச் சொன்னார்.

என் மனைவி பெட்டியைக் குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள்.

"என்ன மேடம் தேடுறீங்க?"

"இல்ல, சக்கரம் இருக்கான்னு பாத்தேன். இந்த விலைக்கு ஓட்டிட்டே வீட்டுக்குப் போயிடலாமே."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். எங்களுடைய தொகையைக் கேட்டதும், டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஒற்றை ஸ்பீக்கரைக் காட்டினார். விலை கட்டுபடியானது, சத்தமும் தெளிவு. ஆனால் எல்லாச் சத்தமும் அந்த ஒரு கட்டையிலிருந்தே வந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அதில் தெரியாது. எங்களுக்கு வேண்டியதே அதுதான். வெளியே வரும்போது அவரே குரலைத் தாழ்த்தி, "பழைய மார்க்கெட் பின்னாடி தெருவுல சால்டர்னு ஒருத்தர் இருக்காரு. பழசு வாங்கி ரிப்பேர் பண்ணி விப்பாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார்.

சால்டர் என்பது பெயரல்ல. எந்நேரமும் அவர் கடையிலிருந்து சால்டரிங் ஈயம் உருகுகிற வாசனை வருவதால் தெரு வைத்த பெயர். பருமனான மனிதர், நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. என் இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு, "நாலும் தெரிஞ்சவரா வந்திருக்கீங்க. மூணு பெட்டி இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க, ஓட்டிக் காட்டுறேன். உங்க நடு ஸ்பீக்கரையும் கொண்டு வாங்க" என்றார்.

அன்று அக்காவையும் கூட்டிப் போவதென்று முடிவாயிற்று. "எனக்குக் காது பத்தாது அக்கா, நீ வந்து கேட்டுச் சொல்லு" என்றேன். இது பொய்யில்லை. நடு ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் பேருந்தில் போனோம். அன்று வண்டி ஓட்டியவர் என் மனைவியோடு வேலை பார்ப்பவர். "என்னம்மா, இன்னிக்குப் பாசஞ்சரா? பிரேக் சரியாப் போடுறேனா, பாத்துச் சொல்லுங்க" என்றார். "ரெண்டு ஸ்டாப் முன்னாடியே போட்டுட்டீங்க" என்றாள் இவள்.

கடையில் அக்காவுக்கு ஸ்டூல் போட்டார் சால்டர். முதல் பெட்டியை இணைத்து ஒரு பாட்டைப் போட்டார்.

"பாட்டு வேணாங்க" என்றாள் அக்கா. "பாட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். யாராவது பேசுறதைப் போடுங்க."

செய்தி வாசிப்பு ஒன்றைப் போட்டார். அக்கா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"உள்ள ஒரு கொசு இருக்கு."

"எனக்கு எதுவும் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்காது. அவரு மூச்சு வாங்குறப்ப மட்டும் பாடுது."

சால்டர் குனிந்து பெட்டியில் காதை வைத்தார். ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "கண்டென்சர் போயிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு அவர் அக்காவோடு மட்டும்தான் பேசினார். நான் அங்கே இருந்ததே அவருக்கு மறந்துபோயிற்று.

இரண்டாவது பெட்டியில் அதே செய்தி.

"இவருக்குச் சளி பிடிச்சிருக்கு."

"நியூஸ் வாசிக்கிறவருக்கா?"

"உங்க பெட்டிக்கு. முதல் பெட்டியில இதே ஆள் நல்லாத்தானே பேசினாரு."

மூன்றாவது பெட்டியை இணைத்தார். அக்காவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில், கரகரவென்றிருந்த லைன் சட்டென்று தெளிவானால் அவள் முகம் அப்படி ஆகும். "தண்ணி குடிச்சிட்டு வந்து வாசிக்கிறாரு" என்றாள். "தொண்டை நனைஞ்சிருக்கு."

விலை எங்கள் தொகையைப்போல் இரண்டு மடங்கு.

நான் மனைவியின் காதருகே போய், சால்டருக்குக் கேட்காதபடி, "மெத்தைக் காசு முழுசும் போட்டாலும் பாதிக்குத்தான் வரும்" என்றேன். யாருக்குக் கேட்கக்கூடாது என்று தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன்.

"மெத்தைக் காசா?" என்றாள் அக்கா.

கடையில் செய்தி வாசிப்பவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். சால்டர் அவரை நிறுத்தினார்.

"எத்தனை மாசமா முதுகு வலிக்குது உனக்கு?"

"வலியெல்லாம் இல்லக்கா. லேசாப் பிடிப்பு."

"காலையில நாலரை மணிக்கு நீ எந்திரிக்கும்போது 'ம்'னு ஒரு சத்தம் வரும். அது பிடிப்பா வலியான்னு எனக்குத் தெரியாதா? மெத்தை வாங்கத்தான் போறீங்கன்னு நான் நினைச்சிட்டிருக்கேன்." அக்கா எழுந்து நின்றாள். "எனக்கு ஒண்ணும் வேணாம். வா, வீட்டுக்குப் போகலாம்."

"இது உனக்கில்ல அக்கா, எனக்கு ஆசை..." என்று தொடங்கினேன்.

"நீ சும்மா இருடா."

என் மனைவி அக்காவின் கையைப் பிடித்தாள். "போக முடியாதுக்கா. கேளுங்க. நான் தினம் ஆயிரம் பேரை ஏத்தி இறக்குறேன். எந்த ஸ்டாப்னு ஒருத்தர் நூறு தடவை கேட்டாலும் சொல்லுவேன், எனக்கு அலுக்காது. நீங்க 'யாரு சிரிச்சா'ன்னு கேட்டப்ப ஒரு நாளும் எனக்கு அலுத்ததில்ல. ஆனா நீங்க இப்பக் கேக்குறதையே நிறுத்திட்டீங்க. எங்களுக்காகச் சிரிக்கிறீங்க. அதைப் பாத்துட்டு என்னால அந்த சோபாவுல உக்கார முடியல. முதுகு வலியாவது ராத்திரி மட்டும்தான்."

அக்கா தடவிப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். சால்டர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அதில் அழுக்கே இல்லை.

கைக்குட்டையை மடித்துக்கொண்டே அக்கா, "உள்ள ஒரு ரேடியோ ஓடுதே, வந்ததுலேருந்து" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை. மனைவிக்கும் கேட்கவில்லை. சால்டர் திரைச்சீலையை விலக்கியதும் லேசாகக் கேட்டது. உள் அறையில், ரிப்பேருக்கு வந்த பொருள்களின் நடுவே யாரோ விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அது எதுல ஓடுது? இவ்வளவு சின்னதா வெச்சும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா வருது."

"அது என் சொந்தப் பெட்டிங்க, விக்கிறதுக்கில்ல. வேலை செய்யறப்போ பேச்சுத் துணைக்கு. அதுவுமில்லாம அதுல ஒரு லைன் செத்துப்போச்சு. ஏழு ஸ்பீக்கர் போடுற பெட்டி. பின்பக்க லைன் ஒண்ணு போயிடுச்சு, பார்ட்ஸ் கிடைக்கல. ரிமோட்டும் இல்ல. யாரு வாங்குவா?"

"வூஃபரை விட்டா நம்மகிட்ட இருக்கிறதே அஞ்சுதானே?" என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏழுல ஒண்ணு போனா மீதி ஆறு. நமக்கு அதுலயும் ஒண்ணு மிச்சம்."

மூன்று வாரம் படித்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சால்டர் தயங்கினார். பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்தார். மேல்மூடியில் ஈயத் துளிகள், ஒரு டம்ளர் வைத்த வட்டம். எங்கள் நடு ஸ்பீக்கரை இணைத்தார். அக்கா தலையைச் சாய்க்கக்கூட இல்லை. கேட்டதுமே, "இதுதான்" என்றாள்.

"எனக்குத் துணைக்கு ஒண்ணு வேணுமேம்மா" என்றார் அவர். முதன்முதலாக அம்மா என்றார்.

"என்கிட்ட ஒரு ரேடியோ இருக்கு. முதல் சம்பளத்துல வாங்கினது. ஒரே ஒரு ஸ்டேஷன்தான் எடுக்கும், அதுவும் மனசு வந்தா. நீங்க கை வெச்சா எல்லாத்தையும் எடுக்கும். காசோட அதையும் தர்றேன்."

"அக்கா, அது உன்..." என்றேன்.

"ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவர்கிட்டப் போகட்டும்டா. என்கிட்ட இருந்தா இரைஞ்சிட்டேதான் கிடக்கும்."

பேரம் முழுவதையும் அவளே பேசினாள். போர்டில் எத்தனை பெரிய டாக்டர்களை லைனில் காக்கவைத்தவள்! அவர் ஒரு தொகை சொல்வார். இவள் பேசாமல் இருப்பாள். அந்த அமைதி தாங்காமல் அவரே குறைப்பார். கடைசியில் எங்கள் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. மிச்சத்தை அக்கா மனைவியின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "நேரா மெத்தைக் கடை" என்றாள். அந்த வாரமே ஒரு மெத்தை வாங்கினோம். நாங்கள் நினைத்ததைவிட மெலிசுதான். ஆனால் குழி இல்லை.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து இணைக்க எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆயிற்று. ஐந்து ஸ்பீக்கருக்குப் பத்து முனை. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வியபடி, கடைவாய்ப் பல்லில் கம்பி கோக்கிற கவனத்தோடு ஒவ்வொன்றாகத் திருகினேன். மனைவி சோபாவை நடுவில் நகர்த்தினாள். அக்காவை அதன் நடுவில் உட்காரவைத்தாள். படம் தொடங்கியது.

முதல் சில நிமிடம் மழை பெய்தது. அக்கா சட்டென்று தலையை உயர்த்தினாள். மழை எங்களுக்குப் பின்னாலிருந்தும் பெய்தது. அவள் கையை நீட்டினாள், நனைகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. மனைவி என் பக்கம் திரும்பிக் கண்ணை அகல விரித்தாள்.

பிறகு ஒரு வீட்டுக்குள் ஒருவன் நடந்தான். பூட்ஸ் சத்தம். அக்கா விரலால் பின்தொடர்ந்தாள். "ஜன்னல் பக்கம் போறான்" என்றாள் மகிழ்ச்சியோடு. "நம்ம ஜன்னல் பக்கமா."

திரையில் அவன் எங்கள் வாசல் கதவுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான்.

மனைவி யோசிக்காமல், "இல்லக்கா, கதவுப் பக்கம்" என்று சொல்லிவிட்டாள்.

அக்காவின் விரல் இறங்கியது. "கதவுப் பக்கமா?" என்றாள். ஒரு பெண் பேசினாள். "இவ கதவுப் பக்கம்தானே?" அவள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்ப இதுவும் போயிடுச்சா எனக்கு" என்றாள்.

கண் போனபோது அக்கா அழுது நான் பார்த்ததில்லை. டாக்டர் சொன்ன அன்றுகூட, திரும்பி வருகிற வழியில் சாப்பிட என்ன வாங்கலாம் என்று கேட்டவள். இப்போது அவள் இரண்டு கைகளாலும் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், கழன்று விழுந்துவிட்டதா என்பது போல. படத்தை நிறுத்தினேன்.

மனைவிதான் டிவியையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்துக்குள் பேருந்தைத் திருப்பும்போது இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்ப்பாளே, அப்படி.

"நீ ஸ்டாண்டுக்குப் பின்னாடி படுத்துட்டுத்தானே ஒயர் மாட்டுன?" என்றாள்.

"ஆமா."

"எங்களைப் பாத்த மாதிரி படுத்திருந்தே. அப்ப உன் இடது எது?"

நான் போய் ஸ்டாண்டுக்குப் பின்னால் படுத்தேன். படுத்ததும் தெரிந்துவிட்டது. என் இடது கைப்பக்கம் இருந்ததையெல்லாம் இடது என்று எழுதிய துளையில் சொருகியிருந்தேன். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் சரி. சோபாவிலிருந்து பார்த்தால் உலகமே தலைகீழ். இல்லை, இடவலம் மாறிக் கிடந்தது.

"அக்கா!" என்று அங்கிருந்தே கத்தினேன். "உன் காது சரியா இருக்கு! நான்தான் முட்டாள்!"

"அது பழைய சேதியாச்சே" என்றாள் அக்கா. குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. "புதுசா என்ன பண்ணுன?"

மனைவி சொல்லச் சொல்ல அக்கா சிரிக்கத் தொடங்கினாள். எங்களுக்காகச் சிரித்த சிரிப்பில்லை. வயிறு குலுங்க, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வர. "பத்து வருஷமா பல்லு அடுக்குறவனாம்! இவன் கட்டுன பல்லைப் போட்டுட்டு எத்தனை பேரு இடம் வலம் தெரியாம மெல்லுறாங்களோ!" எனக்கும் சிரிப்பு வந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் தலையை இடித்துக்கொண்டேன்; அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். ஒயரை மாற்றிக்கொண்டே, அங்கே என்னை யாரும் பார்க்காததால், கண்ணை ஒருமுறை தோளில் துடைத்துக்கொண்டேன்.

படத்தை முதலிலிருந்து போட்டோம். மழை பெய்தது. பூட்ஸ்காரன் நடந்தான். அக்கா வாயைத் திறக்காமல் விரலை நீட்டினாள். அது கதவுப் பக்கம் போனது. அவனும் கதவுப் பக்கம் போனான். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஷ்" என்றாள் அக்கா. "நானே பாத்துக்கிறேன்."

அதற்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை எங்கள் பல் லேபில் அவசர வேலை. ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டு அன்றே போயாக வேண்டும். வீட்டுக்கு வரும்போது மணி ஏழேகால். கதவைத் திறந்தேன். படம் பாதி ஓடியிருந்தது. அந்த வாரம் முழுக்க அதிகாலை டூட்டி பார்த்த மனைவி, சோபாவின் ஓரத்தில் அக்காவின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அசையாமல் இருந்தாள், அவள் விழித்துவிடக்கூடாதென்று.

"செருப்பைச் சத்தம் இல்லாம விடு" என்றாள் மெதுவாக. "இப்படி வந்து உக்காரு. கதை தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

அவள் சொல்லத் தொடங்கினாள். படத்தின் பேச்சுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில், யார் மீதும் மோதாமல், சுருக்கமாக. வீட்டுக்காரருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் எப்போதும் வாசல் பக்கமே நின்று பேசுகிறான், உள்ளே வருவதில்லை, ஏதோ தப்பு செய்திருக்கிறான். சின்னவனுடைய நாற்காலி கிறீச்சிடும். அம்மா சமையலறையிலிருந்து பேசும்போது ஒரு மாதிரி, ஹாலுக்கு வந்ததும் வேறு மாதிரி. எல்லாம் சொன்னாள். நான் திரையைப் பார்த்தேன். அவள் சொன்ன இடத்தில்தான் ஒவ்வொருவரும் நின்றிருந்தார்கள்.

ஒரு கதவு திறந்தது. வளையல் ஒலித்தது.

"இவ புதுசு" என்றாள் அக்கா. "இதுவரைக்கும் வரல. சொல்லு, எப்படி இருக்கா? என்ன நிறத்துல உடுத்தியிருக்கா?"

"நீலம்" என்றேன்.

"எந்த நீலம்? நீலத்துலதான் எத்தனை இருக்கு!"

நான் யோசித்தேன். சரியான சொல் கிடைக்கவில்லை. அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "நம்ம பாத்ரூம் வாளி கலர்க்கா" என்றாள்.

"ஆங், அப்படிச் சொல்லு" என்றாள் அக்கா. மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்து திரையைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அக்காவின் தோளிலேயே தலையைச் சரித்துக்கொண்டாள். படம் ஓடிக்கொண்டிருந்தது.